கன்றுக்குட்டியின் கழுத்தில் நாய் லைசென்ஸ்

மீனா, செல்வம், சாந்தி, உங்கள் மூன்று பேருக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் செல்வம் ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான் அல்லவா? நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நாய் வளர்ப்பதற்கென்று சட்டம் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச விடாமல் உங்கள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள். ஏன் என்று மூன்று பேரும் கேட்டீர்கள். வாயால் சொன்னால் அவள் குறுக்கே புகுந்து நடக்காததையும் சேர்த்துச் சொல்லுவாள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் அப்பா ஒரு சட்டத்தை முழுதாகத் தெரிந்து வைத்திருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். தெரியாமலே இருந்திருக்கலாம்.

அப்போது ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்தேன். கப்பல் கம்பெனி ஒன்றில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு, மாலைப் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டல் கொஞ்சமில்லை. சுவரில் எந்த நோட்டீசைப் பார்த்தாலும் நின்று உரக்கப் படித்து, பக்கத்தில் இருப்பவருக்கு (அவர் கேட்காமலே) விளக்கமும் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

உங்கள் அம்மா ருக்மணியை எனக்குப் பேசி முடித்திருந்த நேரம் அது. அவளுடைய அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே பொத்தோங் பாசிரில் மாட்டுக்கொட்டகை வைத்து, சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். கொட்டகைக்குக் காவல் சிப்பாய். சிப்பாய் என்றால் துப்பாக்கிக்காரன் இல்லை, நாய். நல்ல வெள்ளை நாய். கண் திறக்காத குட்டியாக இருந்ததிலிருந்து ருக்மணி வளர்த்தது. அவன் சாப்பிட்டுவிட்டானா என்று பார்க்காமல் அவள் தட்டில் கை வைக்க மாட்டாள்.

அந்த வருஷம் அந்தப் பக்கமெல்லாம் தெருநாய்த் தொல்லை. ஆட்டைக் கடித்தது, கோழியைக் கவ்வியது என்று ஒரே புகார். காப்பிக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் விடுவேனா? லைசென்ஸ் எடுத்துக் கழுத்தில் தகர வில்லை கட்டாத நாய் சுடப்படும். இது ஒன்று. ஆடு, மாடு, கோழி, வாத்து எதையாவது காயப்படுத்துகிற நாய், வில்லை இருந்தாலும் சுடப்படும். இது இரண்டு. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"நாய்க்கு எதுக்கு மாப்பிள்ளை லைசென்ஸ்? லாரியா ஓட்டுது?" என்றார் மாமா.

ருக்மணி சிப்பாயைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும். மறுநாளே அரை நாள் லீவு போட்டு, ஆபீசுக்குப் போய், படிவத்தில் 'ஆண், வெள்ளை' என்று எழுதி லைசென்ஸும் வில்லையும் வாங்கினேன். தேக்கா சந்தையில் ஒரு தோல் பட்டையும் வாங்கினேன். என் இடுப்பு பெல்ட்டைவிட நல்ல பட்டை. அதைச் சிப்பாயின் கழுத்தில் கட்டியபோது உங்கள் அம்மா முதல் முறையாக என்னை நேராக நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு நான் பஸ்ஸுக்கு நடந்த நடை ஒரு ஜட்ஜுக்குக்கூட வராது. லைசென்ஸ் காகிதத்தை மாமாவிடம் கொடுக்காமல் என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆசை.

பத்து நாள் கழித்து மாட்டுப் பொங்கல். புது வேட்டி, கஞ்சி போட்ட சட்டை சகிதம் கொட்டகைக்குப் போய் இறங்கினேன். எனக்கு மாடு என்றால் பயம் என்பதை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. சந்தில் பிறந்து வளர்ந்தவன், மாட்டை நான் பாலாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பசு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியதும் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன். மாமா கவனித்துவிட்டார். கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு மாடு வேணாம். நாய்க்கு மஞ்சள் பூசுங்க. அதுவும் இந்தக் கொட்டகையிலதானே உழைக்குது" என்றார்.

புதுப் பட்டையில் மஞ்சள் கறை படுமே என்று முதலில் அதைக் கழற்றினேன். பிறகு ஒரு வாளி மஞ்சளைக் கரைத்துச் சிப்பாயைத் தலையிலிருந்து வால்வரைக்கும் பூசினேன். வயிற்றைத் தொட விடவில்லை, கூச்சம். மீதி இடமெல்லாம் மஞ்சள். அத்தோடு விட்டிருக்கலாம். கலை ஆர்வம் விடவில்லை. குங்குமத்தைக் குழைத்து இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகக் கோடு இழுத்தேன். ஒரு சாமந்தி மாலையும் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து ருக்மணியின் செல்லக் கன்று சின்னியின் மணிக்கயிறு அறுந்துவிட்டது. "இங்க ஒரு கயிறு குடுங்களேன்" என்றாள். கயிறு தேட நேரமில்லை. என் கையில்தான் அருமையான பட்டை இருக்கிறதே! மணியை அதில் கோத்துச் சின்னியின் கழுத்தில் மாட்டினேன். தகர வில்லையும் மணியும் மோதிக் கிணிங் கிணிங் என்று சத்தம். "நல்லாருக்கே" என்றாள் ருக்மணி. பூஜை முடிந்ததும் கழற்றிக்கொள்ளலாம் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பானை பொங்கியது. அக்கம்பக்கத்துப் பால்காரர்கள் குடும்பமெல்லாம் கூடி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திக்கொண்டு தட்டையும் தகரத்தையும் தட்டினார்கள். சிப்பாய் இடிக்குப் பயப்படாதவன், லாரிக்குப் பயப்படாதவன். ஆனால் இருபது தட்டை ஒரே சமயத்தில் காதுக்குப் பக்கத்தில் தட்டினால் எந்தச் சிப்பாய் தாங்குவான்? மாலையோடு பாய்ந்தான். வேலி இடுக்கில் புகுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

பக்கத்துத் தோட்டம் கிம் அக்காவுடையது. வாத்து வளர்க்கிற சீனப் பெண்மணி. குளத்தோரம் நின்று தீனி போட்டுக்கொண்டிருந்தவர், மஞ்சள் உடம்பும் சிவப்புக் கோடுமாக ஒன்று வேலியைப் பிளந்துகொண்டு வருவதைப் பார்த்தார்.

"ஹரிமாவ்! ஹரிமாவ்!" என்று மலாயில் புலி புலி என்று அலறி, வாளியை எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வாத்துகள் நாலா திசையிலும் பறந்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். சிப்பாய் இதை விளையாட்டு என்று நினைத்துவிட்டான். குளத்தங்கரைச் சேற்றில் நான் இரண்டு கையையும் விரித்து அவனைப் பிடிக்கப் பாய்ந்தபோது அவன் அழகாகத் திரும்பிக்கொண்டான். எனக்குத் திரும்பத் தெரியவில்லை. கால் வழுக்கிச் சறுக்கிக்கொண்டே போய்த் தொப்பென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் மெத்தென்று இருந்தது. பிறகு அது "குவாக்" என்றது. பதறி எழுந்ததில் மறுபடியும் வழுக்கிக் குளத்துக்குள் போய்விட்டேன்.

நெஞ்சளவு தண்ணீரில், தலையில் பாசியோடு எழுந்து பார்க்கிறேன். கரையில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார். தெருநாய் சுட வருகிற மலாய் அதிகாரி. அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தார். புலி என்ற அலறலைக் கேட்டு ஓடி வந்திருக்கிறார். (பேச்செல்லாம் மலாயில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

"புலியா? நாய்தானே" என்றார். சிப்பாயின் கழுத்தைப் பார்த்தார். வில்லை இல்லை. சேற்றில் ஒரு காலை நீட்டிக்கொண்டு கிடந்த வாத்தைப் பார்த்தார். துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார்.

அதற்குள் உங்கள் அம்மா வேலி இடுக்கில் நுழைந்து வந்துவிட்டாள். புதுச் சேலையோடு சேற்றில் மண்டி போட்டு நாயைக் கட்டிக்கொண்டாள்.

"லைசென்ஸ் இருக்கு! எடுத்த மனுசன் அதோ குளத்துல நிக்கிறாரு, அவரைக் கேளுங்க!"

எல்லோரும் குளத்தைப் பார்த்தார்கள்.

"லைசென்ஸ் காட், சார்!" என்று, லைசென்ஸ் இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன்.

"எங்கே?"

சட்டைப் பையில் கை விட்டேன். காகிதம் கொழகொழவென்று களியாக வந்தது. மை கரைந்து என் விரலெல்லாம் நீலம்.

"வில்லை எங்கே?"

"வில்லை... கன்னுக்குட்டி போட்டிருக்கு, சார்."

அவர் துப்பாக்கியை இறக்கினார். மனம் இரங்கி இல்லை, குழம்பிப்போய். "இத்தனை வருஷ வேலையில மாட்டுக்கு நாய் லைசென்ஸ் எடுத்த ஆளை நான் பார்த்ததில்லை, லா" என்றார்.

மாமா கன்றை இழுத்து வந்தார். அதிகாரி குனிந்து வில்லையின் எண்ணைப் படித்து, தன் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆண், வெள்ளைனு எழுதியிருக்கு. இது பெண், சிவப்பு. அந்த நாயோ மஞ்சள்."

"நாய் வெள்ளைதான் சார். மஞ்சள் என் வேலை."

சிப்பாய்க்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, ருக்மணியின் மடியில் மல்லாந்து படுத்து நாலு காலையும் தூக்கினான். வயிறு பால் மாதிரி வெள்ளை. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"சரி. வில்லை விஷயம் முடிஞ்சது. வாத்து விஷயம்?"

கிம் அக்கா மெதுவாகக் கதவைத் திறந்து வந்து அந்த வாத்தைத் தூக்கினார். ஒரு கால் தொங்கியது. "நான் உள்ளே இருந்தேன், பார்க்கலை. நாய்தான் கடிச்சிருக்கும்" என்றார்.

சட்டத்தின் இரண்டாவது பகுதி! வில்லை இருந்தாலும் சுடலாம். அதிகாரியைத் தவிர அங்கே இருந்தவர்களில் அதை வரி பிசகாமல் அறிந்த ஒரே முட்டாள் நான். வாத்துக்கு என்ன நடந்தது என்று அறிந்தவனும் நான் ஒருவன்தான். கரையில் மாமா, அவர் சொந்தக்காரர்கள், மாப்பிள்ளையைப் பார்க்கவென்றே வந்திருந்த பால்காரர்கள். பொய் சொல்ல மாட்டேன், பிள்ளைகளே. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

ருக்மணி என்னைப் பார்த்தாள். சட்டம் படித்தவர், ஏதாவது வழி சொல்லுவார் என்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் குளத்தில் நிற்க முடியும்?

"நாய் இல்லை சார்" என்றேன். "நான்தான்."

"நீ கடிச்சியா?"

"இல்லை சார். உட்கார்ந்தேன்."

"மேலே வா" என்றார் அதிகாரி. ஏறினேன். "திரும்பு" என்றார். திரும்பினேன். என் புது வேட்டியின் பின்பக்கத்தில், கரைச் சேற்றோடு சேர்ந்து, ஒன்பது இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அவரே எண்ணினார். பிறகு வாத்தை வாங்கிப் பல் தடம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"நாய் வாத்தைக் கடிச்சா சட்டம் இருக்கு" என்றார். "மாப்பிள்ளை வாத்து மேல உட்கார்ந்தா என்ன செய்யறதுன்னு எங்க புத்தகத்தில ஒண்ணும் இல்லையே!"

முதலில் சிரித்தவர் கிம் அக்கா. அப்புறம் ஒருவரும் பாக்கியில்லை. அதிகாரி துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மாமா என் தோளில் துண்டைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளை, மணையிலயாவது கீழ பார்த்து உட்காருங்க" என்றார்.

கிம் அக்கா மூங்கில் சிம்பு வைத்து வாத்தின் காலைக் கட்டினார். "எலும்பு நல்லது, கூடிடும்" என்றார். பிறகு எல்லோருமாகக் கொட்டகைக்கு வந்து வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். அதிகாரி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சிப்பாய் மாசி முடிகிறவரைக்கும் எலுமிச்சைப்பழ நிறத்தில்தான் திரிந்தான்.

கல்யாணத்தன்று நான் மணையில் உட்காரக் குனிந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "குவாக்" என்றார்கள். ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இன்றைக்கும் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால் உங்கள் அம்மா 'யார் உடைத்தது' என்று கேட்காமல், "உட்கார்ந்தது யாரு?" என்று கேட்கிறாளே, அதன் அர்த்தம் இதுதான். அவள் அப்படிக் கேட்டால் நீங்களும் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். அந்த மட்டுக்கும் லாபம்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன், முதல் பஸ்ஸில் தனியாகப் பொத்தோங் பாசிர் போனேன். கொட்டகைப் பக்கம் தலை காட்டவில்லை. கைக்குட்டையில் கொஞ்சம் சோறு முடிந்துகொண்டு, கிம் அக்காவின் குளத்தின் மறுகரையில் போய்க் குந்தினேன் (கீழே பார்த்துவிட்டுத்தான்). காலில் மூங்கில் கட்டோடு அந்த வாத்து தனியாக நின்றது. சோற்றை அதன் முன்னால் வைத்து, "மன்னிச்சுக்கம்மா" என்றேன். அது என்னைப் பார்த்தது. சீன வீட்டு வாத்துக்குத் தமிழ் புரிந்திருக்காதோ என்று தோன்றியது. சுற்றிலும் ஆள் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, மலாயிலும் ஒரு முறை மன்னிப்புக் கேட்டேன்.

அது சோறு முழுவதையும் தின்றது. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கரைக்குப் போய், தண்ணீரில் இறங்கியது. தண்ணீரில் அதற்கு நொண்டல் இல்லை. நேராக, ஒரு கோடு கிழித்த மாதிரி நீந்திப் போனது. அது அந்தக் கரை போய்ச் சேரும்வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.