முள்ளம்பன்றி வீட்டுத் தண்ணீர்

போன கார்த்திகையில், ஜெபக்கூட்டம் முடிந்து மழை விடட்டும் என்று ஒதுங்கி நின்றபோது சகாயராணி அக்கா இதைச் சொன்னார்கள். ஆண்டவர் மேல் பாரத்தைப் போட்டு, கேட்டபடியே சொல்கிறேன்.

ஒரு காட்டில் வேலைக்குத்தான் பஞ்சம், தண்ணீருக்கு இல்லை. பள்ளத்தில் இருந்த முள்ளம்பன்றியின் வளைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தன் இரண்டு குட்டிகளையும் ஒரு கல் மேல் படுக்கவைத்துவிட்டு, அவள் தினமும் மனு எழுதினாள்.

சிங்கராஜா அரசாங்கம் இரங்கியது. வேலையில்லாத விலங்குகளை வைத்து வடிகால் வெட்டலாம், நூறு நாளைக்குக் கூலி உண்டு என்று உத்தரவு வந்தது. மேற்பார்வைக்கு நரி செல்போனோடு வந்தது. காலையில் ஒரு போட்டோ, சாயங்காலம் ஒரு போட்டோ. எல்லாரும் தண்ணீரில் நிற்க வேண்டும். தண்ணீர் தெரியாவிட்டால் செல்போன் ஏற்காது, கூலியும் இல்லை.

குரங்கும் முயலும் எருமையும் போட்டோவுக்கு நின்றுவிட்டு மரநிழலுக்குப் போய்விடும். முள்ளம்பன்றி மட்டும் தோண்டினாள். மூன்றாம் நாள் மதியம் தண்ணீர் மொத்தமும் ஓடி வடிந்தது. ஈரம் வற்றிய தரையில் குட்டிகள் புரண்டு தூங்கின. அவள் கைகூப்பி அழுதாள்.

சாயங்காலம் நரி செல்போனைத் தூக்கியது. "தண்ணி எங்கம்மா?"

"வடிஞ்சிடுச்சுங்க சார்."

"அப்போ வேலை முடிஞ்சுது. எல்லாரும் கிளம்புங்க."

எருமை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"பாவி மகளே, மிச்சம் தொண்ணூத்தேழு நாளையும் ஒரே மதியத்துல தோண்டித் தள்ளிட்டியே!" என்று குரங்கு கத்தியது.

முயல் மட்டும் தணிவாகச் சொன்னது: "அக்கா, உங்க வீட்டுத் தண்ணிதானே எங்க வீட்டுக் கஞ்சி."

"எம் புள்ளைங்க ஈரத்துல கிடக்கணுமா?"

"இப்ப காய்ஞ்ச தரையில பட்டினி கிடக்கப் போகுதுங்க, அவ்வளவுதான்" என்றது எருமை.

முள்ளம்பன்றி தூங்கும் குட்டிகளைப் பார்த்தாள். இரண்டையும் எழுப்பிக் கல் மேல் ஏற்றினாள். வாய்க்கால் வாயை மண் போட்டு அடைத்தாள். ஆற்றில் ஒரு குடம் மொண்டுவந்து, தன் வளைக்குள் தானே ஊற்றினாள்.

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அடடா, தண்ணி கொண்டுவர்றதும் வேலைதானே!" என்று அங்கேயே இன்னொரு நூறு நாளுக்கு எழுதிப் போட்டது.

இப்போது பாதிப் பேர் ஊற்றுகிறார்கள், பாதிப் பேர் இறைக்கிறார்கள். போட்டோவில் முள்ளம்பன்றிதான் முன்வரிசை. சிரிக்கச் சொன்னால் சிரிக்கிறாள்.

நீதி: வாய்க்கால் வெட்டுவது புண்ணியம், தண்ணீரைப் போகவிடுவதுதான் பாவம்.

உங்கள் ஜெபத்தில் அந்த இரண்டு குட்டிகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.