வியாழக்கிழமை மாணவர்கள்

காலை எட்டே முக்காலுக்குப் பொறுப்பு முதல்வர் பிரேம்நாத் மாணவர்களை இரண்டாம் முறை எண்ணினார். முதல் முறை ஏழு பேர். இப்போது ஆறு. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

ஆய்வுக் குழு பத்தரைக்கு வருகிறது.

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையோரம் நான்கு மாடியில் நிற்கிறது அந்தப் பொறியியல் கல்லூரி. தோல் வியாபாரம் கொழித்த காலத்தில் தன்சீல் அகமது கட்டியது. வாசலில் எட்டுத் தூண்கள், ரோமாபுரி அரண்மனை அளவுக்கு. வருடத்துக்கு முந்நூறு பேரைச் சேர்க்க அனுமதி உண்டு. நான்கு வருடத்துக்கும் சேர்த்து இப்போது படிப்பவர்கள் பதினோரு பேர். தூணுக்கு ஒருவராக நிறுத்தினால் மூன்று பேர் மிச்சம். கலந்தாய்வுக்குப் போகிற பிள்ளைகள் பட்டியலின் கடைசிவரை வந்து, இந்தக் கல்லூரியின் பெயரைப் பார்த்துவிட்டு, இந்த வருடம் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

பிரேம்நாத்துக்குக் கல்லூரியைப் பற்றிக் கவலை இல்லை. வேலைக்குச் சேரும் ஆசிரியர் வேறு இடத்துக்கு ஓடிவிடக் கூடாது என்று அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். பதினான்கு வருடமாக அவருடைய பட்டங்கள் கரஸ்பாண்டென்ட் தன்சீல் பாய் வீட்டு பீரோவில் இருந்தன. இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ரசாயன ஆலை அவருக்கு மெயின்டெனன்ஸ் மேனேஜர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் அசலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. ஐம்பது வயதில் இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை பாய் முன்னால் போய் நின்றார். பாய் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறவர்போலப் பேசுவார்.

"வியாழக்கெழம டீம் வருது. அது முடியட்டும். வாங்கிக்க."

அவ்வளவுதான். சென்னைக்குக் கிளம்பிவிட்டார். டீம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிரேம்நாத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒன்றாகப் பதினான்கு டீம் பார்த்தவர். இல்லாததை எல்லாம் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒரு டீம் வந்தபோது கல்லூரிக்கு நூலகமே இருந்தது, சாயந்தரம் வரைக்கும்.

"ஆறு பேரை வெச்சி இன்னா மேடம் பண்றது?" என்றார், அலுவலகத்தைக் கட்டி மேய்க்கும் ஜஹீதாவிடம்.

"போன வருஷம் மாதிரி ஐடிஐ பசங்களக் கூப்டலாமே சார்."

"பேசிட்டேன். அங்கயும் இன்னிக்கு டீமாம். அவங்க நம்மகிட்ட ஆள் கேக்கறாங்க."

ஜஹீதா கொஞ்சம் யோசித்தாள். "பக்கத்து ஷூ ஃபேக்டரி எச்.ஆர். இருதயராஜ் உங்க தோஸ்த்துதானே?"

இருதயராஜ் போனில் உற்சாகமாகவே பேசினார். "ஆர்டர் கம்மியா இருக்குது சார். ரெண்டு லைன் சும்மாத்தான் ஒக்காந்துனு இருக்குது. எரநூறு பேர் அனுப்பறேன். ரெண்டு மணிக்கு பத்திரமா திருப்பி அனுப்பிச்சுடு. பஸ் டீசல் உன்னுது."

ஒன்பதரைக்கு நான்கு பேருந்துகளில் இருநூறு பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் நீலக் கோட்டு. பதினெட்டு வயதிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை.

"கோட்டு பரவால்ல, லேப் கோட்டுனு சொல்லிக்கலாம்," என்றாள் ஜஹீதா. "வயசு ஜாஸ்தியா இருக்கறவங்கள?"

"எம்.இ.ன்னு சொல்லிடுங்க."

"நம்மகிட்ட எம்.இ. கெடையாதே சார்."

"இன்னிக்கு இருக்குது."

இப்போது அடுத்த சிக்கல். இருநூறு மாணவிகளுக்கு ஆசிரியர்கள் நான்கு பேர். போன மாதம் ஐந்து பேர். ஒருவர் வேலூரில் மாவுக் கடை வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பேருந்து ஓட்டுநர்கள் நான்கு பேருக்கும் கேன்டீன் முஜாஹித்துக்கும் டை கட்டப்பட்டது.

"நான் இன்னா பாடம் சார்?" என்றான் முஜாஹித்.

"கெமிஸ்ட்ரி. வாயத் தொறக்காத."

"யார்னா கேள்வி கேட்டா?"

"சிலபஸ்ல இல்லனு சொல்லு."

பத்தரைக்கு பாயின் கார் காட்பாடி ரயிலடியிலிருந்து குழுவை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பாயின் டிரைவர் வாஹித் பாஷா. தலைவர் இறங்கினார், ஓய்வுபெற்ற துணைவேந்தர். பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் பின்னால் நான்கு பட்டமும் வைத்திருந்தார். நடுவில் பெயர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கூடவே இரண்டு உறுப்பினர்கள்.

முதல் வகுப்பறைக் கதவைத் திறந்ததும் தலைவர் நின்றுவிட்டார். அறை நிறைய நீலக் கோட்டுகள்.

"இவ்வளவு பேரா? எங்களுக்கு வந்த ஃபைல்ல வேற மாதிரி இருக்கே."

"அது பழைய ஃபைல் சார்," என்றார் பிரேம்நாத், கண் இமைக்காமல்.

தலைவர் முதல் பெஞ்சில் இருந்தவளிடம் குனிந்தார். "இங்க எல்லாம் எப்படிம்மா நடக்குது? பயப்படாம சொல்லு."

பிரேம்நாத் மறந்துபோன ஒன்று இருந்தது. இந்தப் பெண்கள் ஆய்வுக்குப் புதியவர்கள் இல்லை. ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஷூ வாங்குகிறவர்கள் தொழிற்சாலையைச் சோதிக்க வருடம் நான்கு முறை வருவார்கள். கோட்டு போட்ட ஆள் குனிந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று இவர்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

"எட்டு மணி நேரந்தான் சார். ஓவர்டைம் கட்டாயம் கெடையாது," என்றாள் அவள்.

"யாரும் அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க," என்றாள் அடுத்தவள்.

"பாத்ரூம் போறதுக்கு டோக்கன் வாங்கத் தேவல."

"பதினெட்டு வயசுக்குக் கம்மியா யாரும் இல்ல சார்."

கடைசி பெஞ்சில் ஒருத்தி, கேட்காமலே எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டித் தீ விபத்தின்போது வெளியேறும் வழிகளைக் காட்டினாள். ஒரு கை கரும்பலகையையும் இன்னொரு கை சுவரையும் காட்டியது.

பிரேம்நாத் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தார். தலைவருக்கோ கண் கலங்கிவிட்டது.

"முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கத்தை நான் பார்த்ததில்ல," என்றார் உறுப்பினர்களைப் பார்த்து. ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர், ஒல்லியானவர், ஆட்டவில்லை.

"ஒழுக்கம் இருக்கட்டும் சார். பாடம்?" ஒல்லியானவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். "வெப்ப இயக்கவியல் இரண்டாம் விதி. யாராவது சொல்லுங்க."

நீலக் கோட்டுகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன. ராணிப்பேட்டை வேலை மெல்ல நழுவிப் போவதைப் பிரேம்நாத் கண்ணால் பார்த்தார்.

மூன்றாம் பெஞ்சிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி எழுந்தாள். வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குப் போகாது என்று தொடங்கி, கெல்வின் சொன்னது, கிளாசியஸ் சொன்னது, என்ட்ரோபி வரைக்கும் நிறுத்தாமல் சொன்னாள். ஒல்லியானவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

குழு அடுத்த அறைக்கு நகர்ந்ததும் பிரேம்நாத் பின்தங்கினார்.

"நீ எங்கம்மா படிச்ச?"

"இங்கதான் சார். ஷர்மிளா. மெக்கானிக்கல், ரெண்டாயிரத்துப் பதினாறு பேட்ச். நீங்கதான் இந்தப் பாடம் நடத்துனீங்க."

"இப்ப ஃபேக்டரில..."

"சோல் ஒட்றேன் சார். எங்க லைன்ல நம்ம காலேஜ் மட்டும் ஒம்போது பேர்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "லோன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது."

பிரேம்நாத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சிலபஸில் எதுவும் இல்லை.

அதற்குமேல் எல்லாம் தானாக நடந்தது. வேதியியல் பேராசிரியர் முஜாஹித் மூன்று கேள்விகளுக்கும் சிலபஸில் இல்லை என்று சொல்லி, பாடத்திட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர் வாங்கினார். ஒன்றரை மணிக்கு முதல்வர் அறையில் உட்கார்ந்து தலைவர் தாமே அறிக்கை எழுதினார். எழுதியதை எழுந்து நின்று வாசித்தார்.

"இப்பகுதிப் பெண்களின் உயர்கல்விக்கு இக்கல்லூரி இன்றியமையாதது. குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இதன் செயல்பாட்டில் எந்த மாற்றமும் கூடாது என இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

ஜஹீதா கைதட்டினாள். தலைவர் அங்கேயே தன்சீல் பாயை போனில் அழைத்து ஐந்து நிமிடம் வாழ்த்தினார். எதிர்முனையில் சத்தமே இல்லை. பாய் சிக்கனமாகப் பேசுகிறவர்தானே என்று பிரேம்நாத் நினைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பேருந்துகள் கிளம்பின. டையைக் கழற்றிவிட்டு முஜாஹித் பரிமாற, குழு சாப்பிட உட்கார்ந்தது. பிரேம்நாத் பல நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்து, காருக்குப் பக்கத்தில் நின்ற வாஹித் பாஷாவிடம் வந்தார். வாஹித் அப்போதுதான் போனைக் காதிலிருந்து எடுத்திருந்தார்.

"டீம் முடிஞ்சுது பாய். சர்ட்டிபிகேட்டு வாங்க நான் எப்ப வரட்டும்னு தன்சீல் பாயக் கேட்டுச் சொல்றியா?"

 வாஹித் பாஷா காரின் டிக்கியைத் திறந்து, உள்ளே பெயர் பெயராக ஒட்டி அடுக்கியிருந்த உறைகளைக் காட்டிவிட்டு, மறுபடி மூடினார்.

"காலேஜ மூடறதுக்குத்தான் சார் பாய் இவங்களையே வரவழைச்சாரு, ஆளே இல்லனு எழுதுனதும் வாத்தியாருங்களுக்குக் குடுத்துடுனு சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் வெச்சி அனுப்புனாரு, இப்ப இன்னும் அஞ்சு வருஷம் நடத்தணுமாமே, ஒருத்தரையும் வுட்டுடாத, திருப்பி எடுத்தாந்துடுன்றாரு."