சைக்கிள் ஓடத் தெரிந்த தலைவர்

சோலோதுர்ன், சுவிஸ்,
12.10.1986

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய யோகாம்பாள் சின்னம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நாங்கள் எல்லோரும் இங்கே சுகம், உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறோம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் நான் மட்டும் சுகமாக இல்லை. குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, உடுப்புக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. சின்னம்மா, உங்களை ஒரு சங்கத்துக்குத் தலைவர் ஆக்கிவிட்டேன். இன்று பின்னேரம் நாலே காலுக்கு.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊரார் இந்த நகரத்தில் பதினைந்து பேர். அதற்கு இரண்டு சங்கங்கள். அப்பாவின் நலன்புரிச் சங்கத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் பதவியில் இருக்கிறார்கள், அங்கத்தவர் என்று யாருமில்லை. மேல்வீட்டு உருத்திரமூர்த்தி மாமாவின் முன்னேற்றச் சங்கத்தில் ஏழு பேர், அங்கேயும் அதே கதைதான். தைமாதம் வரை ஒரே சங்கமாகத்தான் இருந்தது. பொங்கல் விழா நோட்டீசில் மாமாவின் பெயர் அப்பாவின் பெயருக்கு மேலே அச்சாகிவிட்டது, அதோடு சரி. ஒன்பது மாதமாக இருவரும் முகம் பார்ப்பதில்லை. சலவை அறைப் பூட்டின் திறப்பைக்கூட நான்தான் மாடிக்கும் கீழுக்கும் கொண்டு திரிகிறேன்.

இப்படி இருக்கும்போது இங்குள்ள தேவாலயப் பெண்கள் குழு ஒன்று, சண்டை நடக்கும் நாடுகளில் சமாதானத்துக்காகப் பாடுபடும் சாதாரண மக்களுக்கு உதவி செய்யப் போவதாக அறிவித்தது. அப்பா உடனே நம் ஊர்ப் பிரஜைகள் குழுவுக்கு ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரமும் பிரதி எடுக்கும் றோணியோ மெஷினும் வேண்டும் என்று விண்ணப்பித்தார். இரண்டு நாள் கழித்து மாமாவும் விண்ணப்பித்தார். அதே ஊர், அதே குழு, அதே மெஷின்! இரண்டு விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்தது நான்தான். ஒருவருக்கு எழுதியதை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்று இருவரும் தனித்தனியே என்னிடம் சத்தியம் வாங்கினார்கள்.

இன்று அந்தக் குழுவின் கெர்பர் அம்மா, இரண்டு சங்கமும் ஒன்றாகச் சேர முடியுமா என்று பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவையும் கூப்பிட்டிருந்தார். ஒரே சோபாவில் அப்பா யன்னலைப் பார்த்து இருந்தார், மாமா கதவைப் பார்த்து இருந்தார், நடுவில் அம்மா சுட்ட வடைத் தட்டு. கெர்பர் அம்மா என்னிடம் ஜேர்மனில் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் ஊரில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் ஒரே மேசையில் இருந்து பேசுவார்களா?" நான் வடையைப் பார்த்துக்கொண்டு "ஓம், எப்போதும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மாமா தொடங்கினார்.

"பிள்ளை, உன்ரை கொப்பரிட்டைச் சொல்லு, நான் ஊரிலை பத்து வருசம் சங்கச் செயலாளர். சங்கம் ஒண்டானால் தலைவர் பதவி எனக்குத்தான் வரவேணும்."

"பிள்ளை, அந்தாளிட்டைச் சொல்லு, பத்து வருசத்திலை நடந்தது ரண்டே ரண்டு கூட்டம். ஒண்டு மழையாலை கலைஞ்சு போச்சு" என்றார் அப்பா.

"மழைக்கு நானோ பொறுப்பு?"

"பிள்ளை, மற்றக் கூட்டத்தைப் பற்றியும் கேள்!"

சின்னம்மா, இருவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. நான் தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கெர்பர் அம்மா பயந்துபோய், "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். "நீங்கள்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று ஒருவரை ஒருவர் வற்புறுத்துகிறார்கள்" என்றேன். அவருடைய கண் கலங்கிவிட்டது. கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பிறகுதான் இடி விழுந்தது. "யார் தலைவர் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. ஆனால் ஒரே தாளில் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த உதவி வேறு நாட்டுக்குப் போய்விடும், இன்றே முடிவு தெரிய வேண்டும்" என்றார். மாமா எழுந்து சப்பாத்தைத் தேடத் தொடங்கினார். எனக்கு உங்கள் போன கடிதம் ஞாபகம் வந்தது. ஆமி பிடித்துக்கொண்டு போன அண்ணாமாரின் பெயர்களை நீங்கள் பிரஜைகள் குழுவுக்காகக் கையாலேயே ஏழு பிரதி எழுதுவதும், கார்பன் தாளில் விரல் கறுத்துப்போவதும், தாய்மார் தங்கள் மகனின் பெயர் எழுதியாயிற்றா என்று பார்க்க விடியற்காலையிலேயே வந்து நிற்பதும். அந்த மெஷின் வேறு நாட்டுக்குப் போகலாமா? வாயைத் திறந்தேன், சட்டம் வந்துவிட்டது.

"இவ ஒரு சட்டம் சொல்லுறா" என்றேன். "தலைவர் ஊரிலைதான் இருக்கவேணுமாம். பொம்பிளையா இருக்கவேணுமாம். படிப்பிக்கிறவவா இருந்தால் நல்லதாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகத்தில், "சைக்கிள் ஓடத் தெரிஞ்சிருக்கவேணுமாம்" என்றும் சொல்லிவிட்டேன்.

ஒருவரும் சந்தேகிக்கவில்லை. எப்படிச் சந்தேகிப்பார்கள்? இந்த நாட்டில் இரவு பத்து மணிக்குப் பிறகு கழிவறையில் தண்ணீர் இழுக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கக் கூடாது. அப்படியான நாட்டில் தலைவருக்குச் சைக்கிள் ஓடத் தெரிய வேண்டும் என்பது பெரிய விஷயமா?

அப்பா யன்னலைப் பார்த்தபடி, "உப்பிடி ஒராள் ஊரிலை எங்கடை யோகம்தான்" என்றார். மாமா ஒரு சப்பாத்தோடு நின்றபடி, "யோகாம்பாள் ரீச்சரோ? அவவெண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை" என்றார். இருவரும் கையெழுத்து வைத்தார்கள்! ஒரே பேனையால்! அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டு வடை கொண்டுவந்தா.

இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணுக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று கெர்பர் அம்மாவுக்கு ஒரே ஆனந்தம். தலைவர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று வேண்டுமாம், டிசம்பர் முதல் ஞாயிறு தேவாலயத்தில் வாசிப்பார்களாம். அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் பல வருஷம் இருந்து தமிழ் பேசப் பழகிய சுவிஸ் பாதிரியார் ஒருவரையும் கூட்டி வருகிறாராம். அவர் அப்பாவிடமோ மாமாவிடமோ சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், மெஷினும் போய்விடும், என் தோலும் போய்விடும். நாங்கள் பொய்க்காரர் என்று கெர்பர் அம்மா நினைத்துவிட்டால் அடுத்த உதவியும் வராது. நான் முந்திக்கொண்டு அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால், இருவரும் கையெழுத்தை அழிக்கச் சொல்வார்கள். ஆகவே நீங்கள் உடனே தலைவராகக் கடிதம் எழுதுங்கள். பெயர் எழுதும் வேலையை, தாய்மாரை, எல்லாவற்றையும் எழுதுங்கள். என்ன சங்கம், என்ன சட்டம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம். தங்கச்சி சிவகலாவுக்கு என் முத்தம். உங்கள் பாதங்களைத் தொட்டு ஆசி வேண்டும் உங்கள் பெறாமகள் யசோத

ஐயோ, கதவைத் தட்டுகி

பி.கு.: திங்கள் காலை. தட்டியது அப்பா. கடிதத்தைக் கையிலிருந்து வாங்கி, நின்ற நிலையிலேயே முழுவதும் வாசித்தார். நான் அழத் தயாரானேன்.

"நான் மூண்டு வருசமா ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவுறன். அந்த மனுசி சொன்னது எனக்கு விளங்காதெண்டோ நினைச்சாய்?" என்றார். "அந்தாளுக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சுத்தான் பேசாமல் கையெழுத்து வைச்சனான்."

பிறகு என்ன நினைத்தாரோ, கடிதத்தோடு மாடிக்கு ஏறினார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் தரம்! மேலே இடி இடித்தது போலச் சிரிப்பு. பாதி இரவில் சிரிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினார்கள். மாமா இறங்கி வந்து என் தலையில் குட்டி, "பிள்ளை, எனக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. கொப்பரைப் பேய்க்காட்டி ஏமாத்தினது நீயில்லை, நான்" என்றார். இருவரும் சேர்ந்து பாதிரியாரையும் கெர்பர் அம்மாவையும் முன்னமே சந்தித்து நடந்ததைச் சொல்லப்போகிறார்களாம். அடுப்பில் போட வேண்டாம், உங்கள் பிரஜைகள் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்கிறார் அப்பா.

இப்போது காலைத் தேத்தண்ணிக்கு இருவரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். உப தலைவர் யார் என்று தொடங்கியாயிற்று. குரல் ஏறுகிறது. "பிள்ளை, உப தலைவருக்கு அந்த மனுசி ஒரு சட்டமும் சொல்லேல்லையோ?" என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. சின்னம்மா, நீங்கள்தானே தலைவர். அவசரத் தபாலில் ஒரு சட்டம் அனுப்பிவிடுங்கள்.