சிவப்பு நூல் கட்டிய மொச்சை

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அதை அடுத்தவருக்கு விளக்கும் ஆசை அதிகம். எனக்கு இருபத்தைந்து வயதில் அது வியாதியாகவே முற்றியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மொச்சைக்கொட்டைக்குள் இருக்கும் ஒரு புரதம்தான் என் பிழைப்பு. செல் அதை ஓரிடத்தில் செய்து, மேலே சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டி, இன்னோரிடத்தில் அவற்றைச் செதுக்கிச் சீராக்கி, கடைசியில் சேமிப்பறைக்கு அனுப்பிவைக்கிறது. ஒட்டிய சர்க்கரைதான் அது போகவேண்டிய இடத்தைக் காட்டும் முகவரியா என்பது என் கேள்வி. (இதற்கு எதற்கு அஞ்சு வருசம் என்பது அப்பாவின் கேள்வி. சித்திரைக்குள் முடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு மணவறையில் உட்கார வேண்டும் என்று தேதியும் குறித்துவிட்டார்.)

இந்தப் புரத உற்பத்தி மும்முரமாக நடப்பது சில நாட்கள் மட்டும்தான். அதனால் காயின் வயது சரியாகத் தெரிய வேண்டும். பூ விரிந்த அன்றே காம்பில் நூல் கட்டி, இருபத்தைந்தாம் நாள் பறித்து, அப்படியே ஐஸில் போட வேண்டும். மறுநாள் அரைத்து, அதிவேக சென்ட்ரிபியூஜில் சுற்றி, செல்லின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை. இன்னொரு ஆய்வுக்கூடத்தில் என் ஆராய்ச்சி வழிகாட்டியான எங்கள் சார் இரண்டு மாதம் நடையாய் நடந்து, ஒரே ஒரு திங்கட்கிழமையை வாங்கித் தந்திருந்தார்.

கல்லூரித் தோட்டத்தில் போட்ட மொச்சையைக் காய்ப்புழு முடித்துவிட்டது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் மாமாவின் சோளக்காட்டில் ஊடுபயிராக மொச்சை இருந்தது. அங்கே போய் ஒரே நாளில் நூற்று நாற்பது பூக்களுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். அத்தை கூடவே வந்து நூலை வெட்டி வெட்டிக் கொடுத்தார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? ஆரம்பித்துவிட்டேன்.

"செல்லுங்கறது ஒரு ஊடு மாதிரிங்க அத்தை. சமையக்கட்டுல பண்டம் ஆகுது. அதுக்குச் சக்கரை வெச்சு, அடுத்த ரூம்புல பக்குவம் பண்ணி, பொட்டலம் கட்டி, சேர வேண்டிய எடத்துல சேத்திருதுங்க. எடம் மாறிப்போச்சுன்னா அத்தனையும் வீண்."

அத்தை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமாங்கண்ணு" போட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பெரிய விஞ்ஞானத்தை எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டேன் என்று பஸ்ஸில் திரும்பும்போது என்னை நானே பாராட்டிக்கொண்டேன். கிளம்பும்போது இரண்டு காரியம் வேறு செய்திருந்தேன். சிவப்பு நூல் கட்டியது மட்டும் இருபத்தைந்தாம் நாள் எங்கள் சாருக்குப் போக வேண்டும், அதில் தப்பு நடக்கக் கூடாது என்று அத்தையிடம் கறாராகச் சொன்னேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று துடியலூரில் இருந்த சார் வீட்டு விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். செல்லைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய நான், காயைப் பச்சையாக வைத்திருங்கள் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இருபத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அத்தை வாசலிலேயே சிரித்தபடி நின்றார். கையில் அழகாகச் சுற்றிய சிவப்பு நூல்கண்டு.

"ஒண்ணு உடாம அவுத்து வெச்சிருக்கறேன் அம்மணி. நூத்தி நாப்பதும் இருக்குது, எண்ணிக்க."

காய் எங்கே என்று கேட்டேன். மாமா விடியற்காலை பஸ்ஸிலேயே துடியலூருக்குக் கொண்டுபோய்விட்டாராம். நான் எதற்குச் சுமந்து அலைய வேண்டும் என்ற கரிசனம். பல்லடத்தில் எங்கள் இரண்டு பஸ்ஸும் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். அப்போதும் எனக்கு நப்பாசை. ஐஸ் இல்லாவிட்டாலும் பச்சைக்காய்தானே, ஏதாவது தேறும்.

"எதுல போட்டுக் குடுத்தீங்க அத்தை?"

"தூக்குப்போசிலதான், மூடி போட்டு. சாரு உண்ணறப்ப சூடு இருக்கோணுமல்ல."

அந்த ஐஸ் பெட்டியை அங்கேயே கவிழ்த்து, அதில் தலையை வைத்துப் படுத்திருக்கலாம். எதற்கென்று தெரியாமலே அதைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது வழியெல்லாம் ஒழுகி, முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை எழுந்து தன் வேட்டியைச் சோதித்தார்.

துடியலூரில் சார் வீட்டுக் கூடத்தில் மாமா காபி குடித்துக்கொண்டிருந்தார். சார் எதிரே தட்டு நிறைய மொச்சைத் தோல். கடைசிக் காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சார் நிமிர்ந்தார்.

"வாம்மா. உங்க மாமா காட்டு மொச்சை அருமை. உப்பு மட்டும் ஒரு துளி தூக்கல்."

"சார், அது என் சாம்பிள்."

சார் மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். என் பெட்டியைப் பார்த்தார். சிவப்பு நூலா என்று கேட்டார், ஆமாம் என்றேன். வேறு பூ இருக்கிறதா என்றார், பருவம் முடிந்துவிட்டது என்றேன். ஒரு டெஸ்ட் டியூப் உடைந்தால் ஒரு வாரம் திட்டுகிற மனிதர், எழுந்து போய் வெகுநேரம் கை கழுவினார். திட்டவே இல்லை. நூற்று நாற்பதையும் தின்று முடித்தவர் எந்த வாயால் திட்டுவார்? எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மாமா என்னைத் தேற்றுவதாக நினைத்து, அடுத்த ஞாயிறு இன்னொரு போசி கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஆக, ஒரு வருடம் போயிற்று. அப்பா சொன்னபடி செய்தார், வைகாசியில் கல்யாணம். புதுக் கணவர் ஆராய்ச்சியைத் தொடர விடுவாரோ மாட்டாரோ என்று பயந்திருந்தேன். அடுத்த பருவத்தில் அவரே சோளக்காட்டில் குனிந்து பாதி நூலைக் கட்டினார், ஆய்வேடும் ஒருவழியாக முடிந்தது. சர்க்கரை முகவரியே அல்ல, போகுமிடம் புரதத்தின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது என்பதும் தெரிந்தது. நான் அத்தைக்கு நடத்திய பாடமே தப்பு.

கல்யாணத்தன்று ஆற்றாமை தாங்காமல் அத்தையிடம் கேட்டேவிட்டேன், எதற்காக வேகவைத்தீர்கள் என்று. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான கண்ணு சொன்ன? சமையக்கட்டுல ஆயி, பக்குவம் பண்ணி, சேர வேண்டிய எடத்துல சேரோணும், எடம் மாறுனா அத்தனையும் வீணுன்னு. நான் ஒண்ணைக்கூட உடலியே. சக்கரைகூடச் சித்த போட்டேன்."

பின்னாளில் நான் பாடம் நடத்திய மாணவர்களில் யாரும் இதுவரை என் பாடத்தை இவ்வளவு சரியாகத் திருப்பிச் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றும் யாருக்காவது பலகாரம் கொடுத்தனுப்பினால், நூல் கட்டியாச்சா என்று கேட்காமல் விடமாட்டார்கள். தை பிறந்தால் தாராபுரத்திலிருந்து ஒரு தூக்குப்போசி வந்துவிடும், பிடியில் சிவப்பு நூலோடு. இந்த வருடமும் வந்தது. உப்பு சரியாக இருந்தது.