சதுர மீட்டருக்கு நாலு பேர்

இந்தத் தேர்தலில் ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். நான் வேட்பாளர் இல்லை. சாதாரண சர்வேயர். தோற்கடிக்க வேண்டியதும் ஒரே ஒருவரைத்தான். என் மனைவியை.

விஷயம் எங்கள் முன்னறை. வீட்டில் வெளிச்சம் விழுகிற அறை அது ஒன்றுதான். அதில் என் மேசை, என் வரைபடச் சுருள்கள், என் சாய்வு நாற்காலி. மனைவி தையல்காரி. பாதி ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அவள் தைத்தது. அவளுடைய மிஷின் இருபத்திரண்டு வருஷமாகக் குளியலறைக்கு எதிரே, நடையில் கிடக்கிறது. பட்டப்பகலில் பல்பு போட்டுக்கொண்டு தைப்பாள். ஊசியில் நூல் கோக்க நாலு தடவை குறி பார்ப்பாள். குளிக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் குளிப்பேன். அவ்வளவுதான்.

"முன்னறையை எனக்குக் குடுங்க" என்று அவள் கேட்காத மாதம் இல்லை. "பார்க்கலாம்" என்று நான் சொல்லாத மாதமும் இல்லை.

அப்போதுதான் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் இரண்டு பேர் போட்டி. ஒருவர் மைதானக்காரர். பேசினால் மைதானத்தில்தான் பேசுவார். விளக்கு, ஒலிபெருக்கி, தலைக்கு மேலே பறக்கும் கேமரா. இன்னொருவர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. தெருமுனையில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசுவார். கேட்க முப்பது பேர். அதில் பத்துப் பேர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்.

காலி நிலத்தைக் கண்டாலே எனக்குக் கை சும்மா இருக்காது. அது நிரம்பியிருந்தால் கேட்கவா வேண்டும்? மைதானக்காரரின் முதல் கூட்டத்துக்குப் போய், நீள அகலத்தைக் காலால் நடந்தே அளந்தேன். பத்தாயிரம் சதுர மீட்டர். மீட்டருக்கு நாலு பேர். வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்.

"மைதானக்காரர் ஜெயிச்சாச்சு. ஓட்டு எண்ணவே வேண்டாம்."

"யாரு சொன்னா?"

"கணக்கு சொல்லுது. நாப்பதாயிரம் பேரு!"

"வந்தவங்க எல்லாம் போட்டுடுவாங்களா?" வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே கேட்டாள்.

"போடாமலா கால் கடுக்க நிக்கறாங்க?"

"கல்யாணத்துக்குக்கூடத்தான் ஐநூறு பேர் வர்றாங்க. எல்லாருமா மாப்பிள்ளை?"

"பேச்சை மாத்தாதே. பந்தயம் கட்டுறியா?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். "என்ன பந்தயம்?"

"அவர் ஜெயிச்சா, நீ இனிமே முன்னறைப் பேச்சே எடுக்கக் கூடாது. தோத்தா, அறை உனக்கு."

அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த தாராளத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கொடுக்கவே வேண்டியிருக்காது என்ற தைரியத்தில்தானே கொடுத்தேன்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

பத்து நாள் யோசித்தாள். அதற்குள் நான் ஏழு கூட்டம் போய்விட்டேன். ஆராய்ச்சிக்காகத்தான் போனேன். ஆனால் மனுஷன் நன்றாகப் பேசுவார். மைதானத்தில் காற்றும் நன்றாக வரும். ஐந்தாவது கூட்டத்தில் கைதட்டினேன். ஆறாவதில் விசிலடித்தேன், ஐம்பத்து நாலு வயதில். ஏழாவதில் பறக்கும் கேமராவைப் பார்த்துக் கையாட்டினேன். மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் என் வழுக்கை. ஆபீசில், "கட்சியில சேர்ந்துட்டீங்களா சார்?" என்று கை குலுக்கினார்கள்.

அன்று காலைதான், காலர் வெட்டிக்கொண்டே மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, எத்தனை கூட்டம் ஆச்சு?"

"ஏழு."

"விசில் எல்லாம் அடிச்சீங்களாமே. பால்காரர் சொன்னார்."

"அது... ஒரு உற்சாகத்துல வந்துடுச்சு."

"அப்ப உங்க ஓட்டு அவருக்குத்தான்."

"சேச்சே! நான் டீச்சரம்மாவுக்குத்தான் போடப்போறேன்."

"ஏனாம்?"

"போன மழையில நம்ம தெருச் சாக்கடை பொங்கினப்போ, கணுக்கால் தண்ணியில நின்னு ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணினது யாரு? மனுஷனுக்கு நன்றி வேணாமா?"

"வேணும், வேணும்." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சரி. பந்தயத்துக்கு நான் தயார்."

வசமாக மாட்டினாள் என்று நினைத்தேன்.

"அப்படியே ஒரு உதவி. ஒரு வாடிக்கைக்காரங்களுக்கு ஜன்னல் திரை தைக்கணும். நம்ம முன்னறை ஜன்னல் மாதிரியேதானாம். கொஞ்சம் அளந்து குடுங்களேன். உங்க அளவு தப்பவே தப்பாது."

யாராவது என் அளவைப் புகழ்ந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. நாற்காலி மேல் ஏறி, இரண்டு தடவை அளந்து, மில்லிமீட்டர் வரை எழுதிக் கொடுத்தேன்.

ஓட்டு எண்ணும் நாள். ஆபீசில் ரேடியோ ஓடியது. பதினோரு மணிக்கு டீச்சரம்மா முன்னிலை. மூன்று மணிக்கு மைதானக்காரர் பதினோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். ஒருவர்கூட என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சதுர மீட்டருக்கு நாலு பேர்" என்று நான் ஆபீஸ் பலகையில் எழுதி வைத்திருந்ததை யாரோ மரியாதையாக அழித்திருந்தார்கள்.

உடனே கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் ஒரே கேள்வி. இருபத்திரண்டு வருஷமாக வாய்விட்டுக் கேட்டும் கொடுக்காததை, பந்தயத்தில் தோற்றுத்தானா கொடுக்க வேண்டும்? இத்தனை காலம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவனுக்கு, சொந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்று அளக்கத் தோன்றவில்லையே? சரி, போனதும் நானே என் கையால் மிஷினைத் தூக்கி ஜன்னலோரம் வைப்போம், அந்தப் பெருமையாவது மிஞ்சட்டும் என்று வேகமாக நடந்தேன்.

ஜன்னலோரம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் மேசை நடையில், குளியலறைக்கு எதிரே, பல்புக்கு நேர் கீழே இருந்தது.

"ரிசல்ட் வந்து ஒரு மணி நேரம் ஆகலை. அதுக்குள்ளயா?"

"காலையில நீங்க கிளம்பினதுமே மாத்தியாச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை பிடிச்சாங்க."

"காலையிலயா? அப்ப எண்ணவே ஆரம்பிக்கலையே!"

"நான் அன்னைக்கே எண்ணிட்டேன்."

"எத்தனை பேரை?"

"ஒருத்தரைத்தான்." ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரே தடவையில் போய்விட்டது. "ஏழு கூட்டத்துக்கும் போய், கைதட்டி, விசிலடிச்சு, பேப்பர்லயும் வந்துட்டு, ஓட்டு மட்டும் டீச்சரம்மாவுக்குன்னு சொன்னாரே, அவரை."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வாடிக்கைக்காரருக்கு என்று சொன்ன புதுத் திரை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. அளந்து கொடுத்தது நானல்லவா!