ஆள் வைக்காத பேஸ்போல் அண்ணை

வெள்ளவத்தையில் பேஸ்போல் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரும் பேஸ்போலோடு கோபமாக இருந்தார்.

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கிக் கடலோர ரயில் பாதையில் முடிகிறது. இடையில் அடுக்குமாடிகள், ஒரு சலூன், இரண்டு ரியூஷன் வகுப்புகள், பிறகு அவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தபால்காரருக்கு அது தெரியும். எங்களுக்கு அவர் பேஸ்போல் அண்ணை. ரொறன்ரோவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கிருந்து வருகிறவர்கள் சொக்லேட்டும் கோடாலித் தைலமும் கொண்டு வருவார்கள். இவர் தோலில் தைத்த ஒரு கையுறையும், பழுதான ஒரு முழங்காலும், ஒரு கொள்கையும் கொண்டு வந்தார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டால், "குளிர், ஐசே" என்பார். வந்ததும் ஓர் ஓட்டோ வாங்கினார். அதற்குப் பிறகு கொள்கைக்கு ஆட்கள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவர்களாகவே கைகாட்டி ஏறினார்கள்.

அந்த ஓட்டோவில் ஏறாத பாக்கியசாலிகளும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்போலில் பந்து எறிகிறவர் என்று ஒருவர் இருக்கிறார். எறிவதில் புலி. மட்டையைக் கையில் கொடுத்தால் அநேகமாகப் பூனை. அவர் எறிந்தால் போதும், அவருடைய முறை வரும்போது அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே வேறொருவரை வைக்கலாம் என்று ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அந்த வேறொருவர் அடித்துவிட்டுப் போய் உட்காரலாம், மைதானத்தில் இறங்கிப் பந்து பிடிக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று இதை ஏற்றுக்கொண்டது. மற்றது அரை நூற்றாண்டாக மாட்டேன் என்று நின்றது. டெசிக்னேட்டட் ஹிட்டர் சட்டம் என்று ஆங்கிலத்தில் பெயர். அண்ணை "ஆள் வைக்கிற சட்டம்" என்பார். சொல்லும்போது பாகற்காயைக் கடித்த முகம்.

இத்தனைக்கும் அண்ணை ரொறன்ரோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ தொழிற்சாலை அணிக்குப் பந்து எறிந்தவர். பதினெட்டு வருடத்தில் அவருடைய மட்டையில் பந்து ஒருநாளாவது பட்டதாகச் சரித்திரம் இல்லை. அதை அவரே பெருமையாகச் சொல்வார்.

"அப்ப அந்தச் சட்டம் உங்களுக்கு நல்லதுதானே, அண்ணை?" என்று கேட்டேன்.

"எனக்கு நல்லதெண்டா நியாயமாகிப் போச்சோ? எறியிறவன் ஒருக்கா மற்றப் பக்கத்தில போய் நிண்டு பார்க்க வேணும், ஐசே. தன்ர முகத்துக்கு நேர பந்து வரேக்கதான் தான் ஆருக்கு என்ன எறிஞ்சனான் எண்டு விளங்கும்."

நகரின் மறுகோடியில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்களுக்குத்தான் முழுப் பாடமும் கிடைக்கும். பம்பலப்பிட்டியில் முன்னுரை, கொள்ளுப்பிட்டியில் வாதம், கோட்டையில் எதிர்வாதம், கொச்சிக்கடையில் தீர்ப்பு. விசா நேர்முகத்துக்குப் போன ஒரு பெடியன் கொள்ளுப்பிட்டிச் சிவப்பு விளக்கில் குதித்து ஓடிவிட்டான். அண்ணை ஓட்டோவை ஓரங்கட்டி, நொண்டி நொண்டித் துரத்திப் பிடித்து, மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் விட்டார்.

கொள்கை பேஸ்போலோடு நின்றிருந்தால் ஒழுங்கை பிழைத்திருக்கும். ஒருநாள் என் மனைவி இறால் சுத்தம் செய்துகொண்டிருக்க, நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணை. "திண்ணிறது ஆர்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப உரிக்கிறதும் நீங்கள்தான்." என் மனைவி அந்த நிமிடத்தில் கொள்கையின் ஆயுள்கால உறுப்பினர் ஆனாள். அன்று முதல் எங்கள் வீட்டு இறால் என் பொறுப்பு. பாவி மனிசன்!

பழி தீர்க்க ஒரு கேள்வி யோசித்து வைத்திருந்தேன். "கோயிலில ஐயர் உங்களுக்காகத்தானே மந்திரம் சொல்லுறார்? அது ஆள் வைக்கிறதில்லையோ?"

அண்ணை திகைத்துப் போனார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் விடிய ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். "ஐயர் ஆட்டக்காரன் இல்லை. அம்பயர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பிறகு அந்த வருடம் வந்தது. மாட்டேன் என்று நின்ற லீக்கும் மனம் மாறி, இனி எங்களிடமும் ஆள் வைக்கலாம் என்று அறிவித்தது. அண்ணை சவரம் செய்வதை நிறுத்தினார். தாடியும் சோர்ந்த முகமுமாகத் திரிந்தவரைப் பார்த்து, கனடாவில் யாரோ தவறிவிட்டார்கள் என்று ஒழுங்கை முழுவதும் கதை பரவியது. எதிர் மாடியில் இருக்கும் பவளம் அக்கா துக்கம் விசாரிக்க வந்தார். அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். கூட்டிப் போய்க் கூட்டி வருவது அண்ணையின் ஓட்டோ.

"ஆர் தம்பி தவறினது?"

"பழைய லீக், அக்கா. அவையளும் ஆள் வைக்க ஓமெண்டிட்டினம்."

"எந்த ஊர் ஆக்கள் அவை?"

அண்ணை விளக்கத் தொடங்கினார். அரை மணித்தியாலம் பொறுமையாகக் கேட்ட அக்கா எழும்பினார். "உதுக்கோ தாடி? போய் வழிச்சுப்போட்டு வாரும். ஓட்டோவில ஏறப் பயமாக் கிடக்கு."

அதே வருடம்தான் நாட்டில் பெற்றோலும் இல்லாமல் போனது. பாமன்கடைப் பக்கம் பெற்றோல் ஷெட்டில் தொடங்கிய வரிசை வளைந்து வளைந்து எங்கோ போய் முடிந்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்று வாகனங்கள் நின்றன. யாரும் தனியாக நிற்கவில்லை. மச்சான், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று முறை வைத்து நின்றார்கள். அதாவது ஆள் வைத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவை வீட்டில் இறக்கியதோடு அண்ணையின் ஓட்டோ வற்றிப்போனது. அடுத்த தவணை வெள்ளி விடிய. புதன் காலை அண்ணை வரிசையில் போய் நின்றார். தனியாக.

அவருக்கு முன்னால் நின்ற ஓட்டோ ராஜாவுடையது. ராஜா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓடுகிறவன். அங்கே பெற்றோல் இல்லாமல் இங்கே வந்திருந்தான். அவனும் மச்சானும் மாறி மாறி நின்றார்கள். கொள்கை அவனை விட்டுவிடுமா? புதன் பகலுக்குள் ராஜா ஆள் வைக்கிற சட்டத்தை முழுதாகக் கற்று, எதிர்க்கட்சியிலும் சேர்ந்துவிட்டான்.

"அண்ணே, தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க பறிக்கிறாங்க. ஃபெக்டரில அரைக்கிறவங்க அரைக்கிறாங்க. பறிச்சவங்களே அரைக்கணும்னு சட்டம் போட்டா நீங்க ஒரு கப் டீ குடிப்பீங்களா?"

"தம்பி, அரைக்க வைக்கிறவன் ஒருநாள் கூடையைக் கட்டிக்கொண்டு மலையில ஏறியிருந்தா, உங்கட ஆக்களுக்கு எப்பவோ சம்பளம் கூடியிருக்கும்."

"அது சரிதாண்ணே" என்றான் ராஜா. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வேறு வேலையும் இல்லை அவர்களுக்கு.

வரிசை நகரும் ஒவ்வொரு தடவையும் ஓட்டோவைக் கையால் தள்ள வேண்டும். வியாழன் பகல் என் மனைவி சோற்றுப் பார்சலைத் தந்து என்னை அனுப்பினாள். நான் போனபோது அண்ணை வீதியோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் பலாக்காயாக வீங்கியிருந்தது. கடைசித் தள்ளலில் விழுந்துவிட்டார் என்று ராஜா சொன்னான்.

"அண்ணை, வீட்ட போங்கோ. நான் நிக்கிறன்."

"ஆள் வைக்கிறதோ? நான் செத்தாலும் மாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது பேஸ்போல் இல்லை! நாளைக்கு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். உங்கட விசர்க் கொள்கையைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ!"

அண்ணை பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார். பிறகு, வழக்கமான சத்தம் இல்லாமல் கதைத்தார்.

"அம்மாவுக்கும் உதே கிட்னி வருத்தம்தான். நான் ரொறன்ரோவில இருந்துகொண்டு ஆள் வைச்சனான். நல்ல பெடியன். ஒருநாளும் பிந்தேல்லை. கூட்டிக்கொண்டு போவான், கூட்டிக்கொண்டு வருவான், எனக்குப் போன் எடுத்துச் சொல்லுவான். கடைசி நாளும் அவன்தான் பக்கத்தில நிண்டவன். அம்மா என்ன கேட்டவ, எங்க பார்த்தவ எண்டு அவனுக்குத்தான் தெரியும். நான் போய் நிக்கேல்லை, ஐசே."

எத்தனையோ வருடம் அவரைக் கேலி பேசியதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது அவருடைய போன் அடித்தது. அண்ணை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். பவளம் அக்காவின் குரல் வீதிக்கே கேட்டது.

"தம்பி, முழங்கால் வீங்கிப் போச்செண்டு கேள்விப்பட்டன். பெற்றோலை விட்டிட்டு வீட்ட வாரும். நாளைக்கு நான் போகேல்லை. ஒருநாள் விட்டா ஒண்டும் நடவாது."

"ஒருநாள் விட்டா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும், அக்கா" என்று சொல்லி அண்ணை போனை வைத்தார்.

ராஜாதான் பக்கத்தில் குந்தியிருந்து, மெதுவாகக் கேட்டான். "அண்ணே, அடிக்கப் போய் பந்து போடுறவரு காலை ஒடிச்சிக்கிட்டா, நாளைக்கு யாருண்ணே பந்து போடுறது?"

அண்ணை முழங்காலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். அரை நூற்றாண்டு நின்ற லீக்கே விழுந்தபோது அவர் முகம் இப்படி இருக்கவில்லை.

"சரி. ஆனா சட்டமெண்டா முழுச் சட்டம்" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்கள் நிக்கலாம், தள்ளலாம். ஓட்டேலாது. இடையில வேற ஆளை விடலாம், ஆனா விட்டா நீங்கள் திரும்ப வரேலாது."

"ஒண்டுக்குப் போறதெண்டா?"

"அது சட்டத்தில இல்லை."

ராஜாவின் மச்சான் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனான். போகும்போதும் திரும்பித் திரும்பி ஓட்டோவைத்தான் பார்த்தார், என்னை அல்ல.

காஸ் சிலிண்டர் மாற்றுவதற்கே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன் நான். வியாழன் பகல் ஒரு மணியிலிருந்து அந்த ஓட்டோவைத் தள்ளினேன். செருப்பு அறுந்தது. சட்டை ஊறியது. கொஞ்சம் தாமதித்தால், "தல்லு கரன்ன, அங்கிள்!" என்று, தள்ளச் சொல்லிப் பின்னால் இருந்து சிங்களத்தில் கூச்சல். ராஜா இரண்டு தடவை "நீங்க போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான். போயிருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் நான் போகவில்லை. ஏன் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

மாலை ஐந்து மணிக்குப் பெற்றோல் ஏற்றிய பவுசர் லொறி வந்தது. வரிசை முழுவதும் ஆரவாரம். இருட்டுவதற்குள் என் முறை வந்து, பெற்றோல் உள்ளே இறங்கியது. "கெதியா ஸ்டார்ட் பண்ணுங்க!" என்று ஷெட்காரர் சத்தம் போட்டார். எனக்கு ஓட்டோ ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் அனுமதி இல்லை. நானும் ராஜாவும் பெற்றோல் நிரம்பிய ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. போன் எடுத்தோம். அண்ணை சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பெற்றோல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"சட்டம் பிழைதான்" என்றார். "ஆனா நீங்கள் வடிவா அடிச்சியள்."

வெள்ளி விடிய அக்கா ஓட்டோவில் ஏறினார். வழியனுப்ப வந்த என்னையும் அண்ணை ஏறச் சொன்னார். என் வேலை நேற்றோடு முடிந்தது என்றேன். "அடிச்சவன் ஓடவும் வேணும், ஏறுங்கோ" என்றார்.

ஆஸ்பத்திரியில் மற்ற ஓட்டோக்காரர்கள் வெளியே தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணை காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். மெஷின் ஓடிய நாலு மணித்தியாலமும் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, அக்காவுக்கு ஆள் வைக்கிற சட்டத்தின் சரித்திரம் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்... ஓம்..." என்றார். அவர் நித்திரை என்று நான் நினைத்தேன். அண்ணை நிறுத்தியதும், "பிறகு?" என்று கேட்டார்.

போன மாதம் அண்ணையின் முழங்காலுக்கு ஒபரேஷன் நடந்தது. யாரையாவது அனுப்பு, உனக்குக் கட்டுரை எழுத இருக்கிறதே என்று நான் வேலை செய்யும் பத்திரிகைக் கந்தோரில் சொன்னார்கள். நானே போனேன். வார்ட் வாசலில் காவலாளி மறித்தார். சொந்தக்காரரை மட்டும்தான் விடுவார்களாம். நோயாளி உங்களுக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மகே அய்யா" என்றேன். என்னுடைய அண்ணன். சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், பொய் சொன்னதாக எனக்குப் படவேயில்லை.