ரிஜெக்ட் நைனாவின் இரண்டு ரிப்போர்ட்டுகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும், எதையுமே ஒரே தடவையில் சரி என்று ஒப்புக்கொள்ளாத ஜீவன் எங்கள் ரிஜெக்ட் நைனா ஒருவர்தான். எங்கள் போல்ட் கம்பெனியில் சரக்கைச் சோதிப்பவர். எதையும் இரண்டு தடவை அளப்பார். தேறினால் பச்சைப் பென்சிலால் டிக், தேறாவிட்டால் சிவப்பு. சந்தேகமான சரக்கில், அப்புறம் பார்க்கலாம் என்று கட்டும் மஞ்சள் அட்டையைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கேன்டீன் இட்லியை ஸ்கேல் வைத்து அளந்து திருப்பி அனுப்பியவர். லேத் ஓட்டிய நான் இருபது வருஷமாக அவர் கையால் வாங்கியதெல்லாம் சிவப்பு.

ரெண்டாயிரத்துச் சொச்சத்தில் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமா என்று ரத்தத்தில் பார்க்கும் டெஸ்ட். எனக்கு ஊசி என்றாலே உதறல். டோக்கனை மேஜைமேல் போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். வீட்டில் மட்டும் ரத்தம் கொடுத்ததாகச் சொல்லிவைத்தேன்.

நாலாம் நாள் என் பெயருக்கு ரிப்போர்ட் வந்தது. அளவு எக்கச்சக்கம், உடனே டாக்டரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொடுக்காத ரத்தத்தில் எப்படி ஐயா வியாதி வரும்?

காகிதத்தை எடுத்துக்கொண்டு நைனாவிடம் ஓடினேன். அவர் நிதானமாக டிராயரிலிருந்து தன் கவரைப் பிரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"உன் டோக்கன்ல நான்தான்பா ரெண்டாவது வாட்டி குத்திக்கினேன். லேபு கரெக்டா அளக்குதான்னு பாக்க வாணாமா? பாரு, ரெண்டும் ஒரே நம்பரு. லேபு பாஸு."

சொல்லி முடித்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு காகிதத்திலும் இருந்தது அவர் ரத்தம். எனக்கில்லை என்று என் மனம் ஒரு நொடி துள்ளியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சென்னை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். அளவு ஏறினாலே புற்றுநோய் என்று ஆகிவிடாது என்று சொல்லி, துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் சின்னது, மெதுவாக வளர்வது. ஆபரேஷனோ ரேடியேஷனோ செய்தால் சிறுநீர் அடங்காமல் போகலாம், அதனால் இப்போது அவசரப்பட வேண்டாம், சில மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்போம், வளர்ந்தால் கைவைப்போம் என்றார் டாக்டர்.

நைனா ஆடிப்போனார். "கான்சரை உள்ள வச்சிக்கினு சும்மா இருக்கறதா? ஓகேவா, ரிஜெக்டா, ஒண்ணு சொல்லு சார்."

"மஞ்ச அட்டை நைனா" என்றேன் நான்.

மறுநாள் வேலைக்கு வந்த நைனாவின் சட்டைப் பொத்தானில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது.

அடுத்த சோதனைக்குப் போனபோது நானும் கையை நீட்டினேன். பாவி மனுஷன், என்னையும் இரண்டு தடவை குத்தவைத்தார். இரண்டும் ஒத்துப்போனபின், என் ரிப்போர்ட்டில் பச்சை டிக் போட்டார். இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாஸ்.

அன்றிலிருந்து அவர் ரிப்போர்ட் வாங்கப் போகும்போதெல்லாம் என் சட்டைப்பையில் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும், சீவித் தயாராக.